விரித்த ஐந்து விரல்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலையிலுள்ள குவான் யின் கோயிலில் மூங்கில் குழாயைக் குலுக்குவார்கள். ஒரு குச்சி நழுவி விழும். அதிலுள்ள எண்தான் தெய்வத்தின் பதில். அதையும் உடனே நம்பிவிடுவதில்லை. பிறை வடிவ மரக்கட்டை இரண்டைத் தரையில் போட்டு, ஒன்று தட்டைப் பக்கம் மேலாகவும் மற்றது குப்புறவும் விழுந்தால்தான் குச்சியை ஏற்பார்கள். அதே சாலையில் சற்றுத் தள்ளிப் பள்ளிவாசல். அங்கே ஓதப்படும் குர்ஆன் குறி பார்க்கும் அம்புகளை விலக்குகிறது. சம உரிமை உள்ளவர்களிடையே சீட்டுப் போடுவதையோ இஸ்லாமியச் சட்ட அறிஞர் பலர் ஏற்கிறார்கள். நாளையைக் கேட்கும் சீட்டு வேறு, பங்கு பிரிக்கும் சீட்டு வேறு. முடிவைக் குலுக்கலிடம் விடுவது அறிவைக் கைவிடுவதா என்ற பழைய கேள்விக்கு இந்த வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது.

கணினியிடமிருந்தே சான்று எடுக்கலாம். கோடிக்கணக்கான சொற்களைப் பார்த்துக் கற்கும் எந்திரத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனியிடம் கொடுத்துக் கட்டுப்படியாகாது. அதனால் சொல்லை ஒரு கணக்கில் போட்டு, சில லட்சம் அறைகளில் ஒன்றில் தள்ளுகிறார்கள், இதுதான் ஹேஷிங். கணக்கு ஊரறிந்ததாக இருந்தால் வம்பு. ஒரே அறையில் போய் விழும்படி பொறுக்கியெடுத்த சொற்களை அனுப்பினால் இதே ஹேஷிங்கை நம்பியிருக்கும் இணைய சர்வர் திணறி நின்றுவிடும் என்று 2011 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த மாநாடொன்றில் இருவர் காட்டினார்கள். பி.எச்.பி., ஜாவா, பைத்தான் எல்லாமே மாட்டிக்கொண்டன. இதற்கான மருந்தைக் கணினி அறிஞர்கள் கார்ட்டரும் வெக்மனும் 1970களிலேயே எழுதிவைத்திருந்தார்கள்: கணக்கையே குலுக்கி எடு. எது வரும் என்று தெரியாதபோது கெடுக்க நினைப்பவனுக்குப் பிடி கிடைக்காது. எடுத்த பிறகு மாற்றமும் கிடையாது. அந்த ஓட்டம் முடியும்வரை ஒரு சொல்லுக்கு ஒரே அறைதான்.

குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுத்த உத்திரமேரூர்ச் சபைக்கு இது தெரிந்திருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு முதலில் தகுதி பார்க்கிறது: வயது 35க்கு மேல், 70க்குள்; சொந்த நிலம் வேண்டும்; முன்பு கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அறிவு செய்யவேண்டியதை எல்லாம் செய்து முடித்த பிறகே ஓலை குடத்துக்குள் போகிறது. எடுப்பவன் விவரம் அறியாத சிறுவன். வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அந்த விரல்களில் பக்தியைவிடச் சந்தேகமே அதிகம் தெரிகிறது, ஆரோக்கியமான சந்தேகம்.

திருவுளச்சீட்டைப் போய்க் கணக்கோடு சேர்ப்பதா என்று பக்தர் முகம் சுளிக்கலாம். சீட்டில் இறைவன் பேசினானா என்பது நம்புகிறவர் விஷயம். மனிதன் பேசவில்லை என்பதை மட்டும் எல்லோரும் பார்க்கலாம். கணினியின் குலுக்கல் போலி, அதைத் தொடங்கிவைக்கும் விதை எண் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பது இன்னொரு வாதம். சரிதான், ஆனால் எதிராளிக்கு அது தெரியாதவரை போதும். 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் அக்ரவால், கயால், சக்சேனா மூவரும் பகா எண்ணைக் கண்டறியக் குலுக்கலே வேண்டாம் என்று நிறுவினார்கள். ஆனாலும் நடைமுறையில் குலுக்கும் சோதனைதான் ஓடுகிறது, அது அத்தனை விரைவு. திரும்பத் திரும்பச் சோதித்தால் பிழை வேண்டிய அளவுக்குக் குறையும். மரக்கட்டையை மறுபடி போடுகிறவரும் இதைத்தானே செய்கிறார் என்றால், இல்லை. எண் பகா எண்ணா இல்லையா என்பது முன்பே முடிவானது. நாளை என்ன நடக்கும் என்பதற்கு ஒத்துப்பார்க்க இன்று விடை ஏது?

என்னைத் தடுமாற வைப்பது வேறொன்று. ஒரே அறையில் இரு சொல் விழுந்தால் ஒன்றின் பழி மற்றதன் தலையில். 2009இல் வைன்பெர்கரும் உடன் ஆய்ந்தவர்களும் எழுதிய கட்டுரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் கூட்டல் அல்லது கழித்தல் குறியையும் இதேபோல் கொடுத்தார்கள்; மோதல்கள் சராசரியில் ஒன்றையொன்று அடித்துவிடும். குப்பை மின்னஞ்சலை ஒதுக்க இது தாராளம். கடன் மனுவைத் தள்ளும் எந்திரம் சராசரியில் சரி என்பது, தள்ளப்பட்டவருக்குப் பதிலாகாது. குடவோலையில் பெயர் வராதவர் அடுத்த ஆண்டும் ஓலை போடலாம். குடமும் சபை நடுவில் இருந்தது. இவருக்கோ குடம் எங்கே இருக்கிறதென்றே தெரியாது.