முப்பத்திரண்டில் ஒன்று

பிள்ளைக்காகச் சில ஆண்டுகள் வீட்டிலிருந்த தாய் மீண்டும் வேலைக்குக் கிளம்பினால், இல்லறக் கடமையிலிருந்து வழுவுகிறாளோ என்று கேட்பவர்கள் உண்டு. காஞ்சி காமாட்சி இரு நாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறங்களை வளர்த்தாள் என்பது மரபு. அந்தப் பட்டியலில் மகவு வளர்த்தலும் உண்டு, தண்ணீர்ப் பந்தலும் சோலையும் உண்டு. ஓர் அறம் மற்றொன்றை விலக்கவில்லை. தெய்வத்துக்கு இயலும், மனுஷிக்கு இயலுமா என்றால், நெசவாளர் வீடுகளைப் பாருங்கள். உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்த பெண்கள் பலர். அதை வேலை என்று எண்ணாமல் விட்டது நம் கணக்கின் குறை.

குழந்தை ஏங்குமே என்ற கவலை நியாயமானது. ஆனால் அது தாயை நிறுத்தச் சொல்லும் வாதமன்று, பராமரிப்பைப் பகிரச் சொல்லும் வாதம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம், 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. மகவு வளர்த்தல் அறமென்றால் அது தந்தைக்கும் முதலாளிக்கும் சேர்த்துத்தான். வேலைக்குத் திரும்பும் பெண்ணிடம் கேட்கும் கேள்வியை முதலில் அவர்களிடம் கேளுங்கள்.