பிலிம் சுருளும் பரிமாண விரதமும்

யாத்திரைக்குப் புறப்படும் இல்லறத்தார் எதை எடுத்துச் செல்வது என்று எண்ணுவரேயன்றி, எதை விட்டுச் செல்வது என்று எண்ணுவதில்லை. யானும் அவ்வாறே இருந்தவன். போளூரை அடுத்த திருமலைக்கு முதன்முறை சென்றபோது இரண்டு காமிராக்கள், மூன்று லென்ஸ்கள், ஒரு முக்காலி ஆகியவற்றைச் சுமந்து மலையேறினேன். ஏறத்தாழ 16 மீட்டர் உயரமுடைய நேமிநாதர் திருவுருவின் முன் நின்று, எந்த லென்ஸைப் பொருத்துவது என்று தடுமாறியது நினைவிருக்கிறது, வணங்கியதாக நினைவில்லை.

அடுத்த முறை ஒரே காமிரா, ஒரே 50 மி.மீ. லென்ஸ், 36 படங்களுக்கான பிலிம் சுருள் ஒன்று. மின்கலமும் வேண்டாத பழைய கருவி அது. நல்ல வெயிலில் லென்ஸின் துளையை எஃப்-16 அளவில் வைத்து, 100 வேகச் சுருளுக்கு ஏறத்தாழ 1/125 நொடி ஒளி விடும் பழைய கணக்கே போதியதாயிற்று. 36 என்னும் எல்லை மனத்தில் இருந்தமையால் முதலில் பார்த்தேன்; பிறகே எடுத்தேன். மாலைவரை 11 படங்களே ஆயின.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் சிறிய லைக்கா காமிராவையும் 50 மி.மீ. லென்ஸையுமே பெரிதும் நம்பியவர். 1948 ஜனவரி 30 அன்று அவர் காந்தியடிகளைக் கண்டு சென்ற சிறிது நேரத்தில் அடிகள் சுடப்பட்டார். தில்லியின் துயரத்தைக் காட்டும் அவருடைய படங்களைக் காண்போர், கருவி போதவில்லை என்று கூறார்.

நம் சிராவக ஒழுக்கத்தில் போகோபபோகப் பரிமாணம் என்றொரு குணவிரதம் உண்டு. ஒருமுறை துய்த்தவுடன் தீர்வது போகம். மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம். இரண்டிற்கும் அளவு வகுத்துக்கொள்ளல் வேண்டும். காமிரா உபபோகம், சுருள் போகம். கைபேசியிலோ சுருளும் இல்லை, அளவும் இல்லை. ஆயிரம் படங்கள் எடுத்து, ஒன்றையும் மீண்டும் பாராதவர் நம்மிடையே எத்தனை பேர்! இவ்வாறெல்லாம் பேசித் திரிந்தேன். பற்றே பரிக்கிரகம் என்னும் தத்துவார்த்த சூத்திரத்தின் வரையறைப்படி நோக்கின், எளிய கருவி என்ற அப்பெருமிதமும் ஒரு சுமைதான்.

அதை இறக்கி வைத்தவள் என் மகள். பிலிமில் ஒளியுணரும் வெள்ளி உப்புகளைத் தாங்கி நிற்பது ஜெலட்டின். அது பெரும்பாலும் மாடு முதலிய விலங்குகளின் எலும்பு, தோல் ஆகியவற்றினின்று பெறப்படுவது. 1871-இல் ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் மேடக்ஸ் அம்முறையை வெளியிட்டார். இன்றும் பிலிமில் அதுவே உள்ளது. “ஜெலட்டின் சேர்ந்த மிட்டாயை எங்களுக்கு வாங்கித் தந்ததே இல்லை. இதை மட்டும் ஏன் அப்பா தோளில் போட்டுக்கொள்கிறீர்கள்?” என்று கேட்டாள்.

உண்பது வேறு, பயன்படுத்துவது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். தோற்பையை நாம் விலக்குவது அதை உண்போம் என்பதற்காகவா? நம் இல்லங்களில் மாட்டியுள்ள முன்னோர் படங்களும், முனிவர்களின் பழைய படங்களும் அச்சிடப்பட்ட தாளிலும் அதே ஜெலட்டின் பூச்சு உண்டு. திகம்பர முனிவர் சுமப்பவை மயிற்பீலியும் கமண்டலமும் சாத்திரமுமே. அப்பீலியும் மயில் தானே உதிர்த்ததாக இருத்தல் வேண்டும். எத்தனை சுமக்கிறோம் என்பதை எண்ணிய யான், அது எதனினின்று வந்தது என்பதை எண்ணவில்லை.

குளிர்பதனப் பெட்டியில் இன்னும் இரண்டு சுருள்கள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்துவதா, யாருக்கேனும் கொடுப்பதா என்று முடிவு செய்யவில்லை. கொடுத்தால் வினை கைமாறிவிடுமா என்ன? சென்ற மாதம் மேல்சித்தாமூருக்குக் கைபேசியுடன் மட்டும் சென்றேன், 36 படங்களுக்கு மேல் எடுப்பதில்லை என்று உறுதி பூண்டு. வீடு திரும்பி எண்ணியபோது 52 இருந்தன.