கருவியின் பிழையும் மனத்தின் நேர்மையும்

1808-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஒரு பித்தளைக் கருவியை ஏற்றிக்கொண்டிருந்தனர். தொலைவிலுள்ள இடங்களுக்கிடையே அமையும் கோணத்தை அளக்கும் தியோடலைட் அது. எடை சுமார் அரை டன். வழியில் கயிறு அறுந்தது; கருவி சுவரில் மோதியது; கோண அளவுகள் பொறித்த வட்டம் உருக்குலைந்தது. 1802-இல் சென்னையில் இந்தப் பெரும் நிலஅளவைப் பணியைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் கருவியைத் தூக்கி எறியவில்லை. பகுதி பகுதியாகப் பிரித்து, ஆறு வாரம் உழைத்து, வட்டத்தைச் சிறிது சிறிதாகப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். பணி தொடர்ந்தது.

அடிபட்ட கருவி காட்டும் அளவை எவ்வாறு நம்புவது? இக்கேள்வி பித்தளையோடு நின்றுவிடுவதில்லை. பிறரது குணத்தையும் செயலையும் அளக்கும் நம் மனமும் விருப்பு வெறுப்புகளால் அடிபட்ட கருவியே அல்லவா?

‘என் மனத்திற்குப் பட்டதே சரி’ என்பார் சிலர். ‘குறையுள்ள நான் பிறரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதா?’ என்று ஒதுங்கிவிடுவார் வேறு சிலர். முன்னது ஆணவம் என்பது வெளிப்படை. பின்னது அடக்கம்போல் தோன்றும். ஆனால் அநீதிக்கு உள்ளாகி நிற்பவனுக்கு அந்த மௌனத்தால் என்ன பயன்?

நிலஅளவையாளர் வேறொரு வழியில் செல்கிறார். புதிய கருவியிலும் பிழை உண்டு என்பது அவருக்குத் தெரியும். எனவே ஒருமுறை அளந்தபின், தொலைநோக்கியைப் புரட்டி, கருவியை அரைவட்டம் திருப்பி, அதே இடத்தை மீண்டும் நோக்குகிறார். பார்வைக் கோட்டின் கோணலால் முதலில் கூடிய அளவு இப்போது அதே அளவுக்குக் குறையும். இரண்டின் சராசரியில் அப்பிழை நீங்கிவிடும்.

நாமும் இதைச் செய்யலாம். அண்டை வீட்டுப் பிள்ளை செய்த தவற்றை நம் பிள்ளை செய்திருந்தால் இதே கடுஞ்சொல்லைக் கூறியிருப்போமா? இல்லையெனில், அந்த வேறுபாடே நம் பட்சபாதத்தின் அளவு.

ஆயினும் இம்முறையால் நீங்காத பிழை ஒன்று உண்டு. கருவியின் நிலைக்குத்து அச்சே சாய்ந்திருந்தால், எத்தனை முறை புரட்டினாலும் அச்சாய்வு தொடரும். அதனால்தான் அளக்கத் தொடங்குமுன் ரசமட்டம் பார்த்துக் கருவியைச் சமன் செய்கின்றனர். நாம் பிறந்த குலம், வளர்ந்த சூழல், பழகிய வசதி ஆகியவை நம் காலடி நிலம். அதன் சாய்வு நமக்குள்ளேயே எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் புலப்படாது. வேறிடத்தில் நிற்பவரின் சொல்லையும் கேட்டாக வேண்டும்.

நிலையான ஒழுங்குக்கு நாம் உவமை கூறும் தூக்குநூலும் விலகக்கூடும். வட இந்தியாவில் இரண்டு நிலையங்களுக்கிடையே முக்கோணங்களால் கண்ட அட்சரேகை வேறுபாடும், விண்மீன்களை நோக்கிக் கண்ட வேறுபாடும் சுமார் 5 விகலை ஒவ்வாதிருந்தன. இதை ஆராய்ந்த ஜான் பிராட், இமயமலையின் பெருநிறை தூக்குநூலைத் தன்பால் ஈர்ப்பதை 1855-இல் கணக்கிட்டுக் காட்டினார். பெரும் பற்று ஒன்றின் அருகில் நிற்பவன் தன் மனச்சான்றையும் இவ்வாறே சோதித்துக்கொள்ள வேண்டும்.

அந்த 5 விகலையை எவரேனும் மறைத்திருந்தால் ஏடுகளில் கணக்கு அழகாகவே முடிந்திருக்கும். உண்மைதான் எட்டாமற் போயிருக்கும். குறையற்ற மனம் வாய்க்கும் வரை நீதி காத்திருக்க இயலாது. ஒருவரைப் பற்றி முடிவு கூறுமுன் மறுபக்கம் திருப்பிப் பார்ப்போம். நாம் நிற்கும் இடத்தைச் சோதிப்போம். ஒவ்வாதது எஞ்சினால் அதை ஒளிக்காமல் ஆராய்வோம். அதன்பின் சொல்ல வேண்டியதைச் சொல்வது நம் கடமை.