உறங்குதல் குற்றமா?

உறக்கத்தைச் சோம்பலின் உடன்பிறப்பாகக் கருதி இகழ்தல் நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். வைகறையில் எழுபவன் நல்லவன். நள்ளிரவு வரை விழித்து உழைப்பவன் அவனினும் நல்லவன். பகலில் கண்ணயர்பவனோ எதற்கும் ஆகாதவன். உறங்கும் நேரத்தை அளவுகோலாகக் கொண்டு மனிதரைத் தரம் பிரிப்பது அறமாகுமா என்பதை நாம் சற்று ஆராய்தல் வேண்டும்.

இவ்வினா புதியதன்று. வாதத்தில் வல்லவனான சச்சகன் என்பான் புத்தர் பெருமானை அணுகி, தாங்கள் பகலில் உறங்கியது நினைவுண்டா என்று கேட்ட செய்தி மஜ்ஜிம நிகாயத்தில் வருகிறது. பெருமான் மழுப்பவில்லை. கோடையின் கடைசித் திங்களில், பிச்சையேற்று உண்டபின், மேலாடையை நான்காக மடித்து விரித்து, வலப்பக்கமாய்ச் சாய்ந்து, நினைவு தவறாது உறங்கியதுண்டு என்று ஒப்புக் கொள்கிறார். அதனைச் சிலர் மயக்கத்தில் வாழ்தல் என்பரே என்று அவன் குத்திக் காட்ட, மாசுகள் அறாதவனே மயங்கியவன், உறங்கியவன் அல்லன் என்பது அவர்தம் விடையின் சாரம். மொக்கல்லானர் தவத்தில் அமர்ந்து தலை சாய்ந்து தூங்கி விழுந்த போதும் அவரைக் கடிந்து விரட்டவில்லை. காதுகளை இழுத்துவிடுக, கண்களை நீரால் கழுவுக, விண்மீன்களை நோக்குக, எழுந்து உலாவுக என்று வழிகள் பல கூறி, அவற்றாலும் தூக்கம் நீங்காவிடின் படுத்துறங்குக என்று முடிக்கிறார். மடிமையைத் தடைகளுள் ஒன்றாக வைத்து எண்ணிய ஆசான் உடலின் நியாயமான கடனை மறுக்கவில்லை என்பது இங்கே தெளிவு.

அக்கடன் எத்தகையது? உடல் வலிமை வேண்டி இளைஞர்கள் நள்ளிரவில் படுத்து நான்கு மணிக்கே எழுந்து, எடை தூக்கவும் ஓடவும் செல்கின்றனர். பயிற்சியால் தசை வளர்வதாக அவர்கள் எண்ணுகின்றனர். பயிற்சி தசையிழைகளை வருத்தி வளர்ச்சிக்குத் தூண்டுதல் தருகிறது. அவ்வளர்ச்சி நிகழ்வதற்கோ ஓய்வு வேண்டும். உறங்கத் தொடங்கிய பின் வரும் ஆழ்ந்த நிலையிலேதான் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. வளர்ந்தவர்க்கு இரவில் ஏழு மணி நேரமேனும் உறக்கம் தேவை என்பது மருத்துவர் துணிபு. அதனைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டுவோர், செங்கல்லைக் குவித்துவிட்டுக் கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பியவர் போல்வர். 1964-இல் அமெரிக்காவில் பதினேழு வயது மாணவர் ஒருவர் 264 மணி நேரம் விழித்திருந்து உலகை வியக்க வைத்தார். எத்தனையோ துணிகரச் செயல்களைப் பதிவு செய்யும் கின்னஸ் நூலார் 1997-க்குப்பின் இத்தகைய முயற்சியை மட்டும் ஏற்பதில்லை என்று ஒதுக்கிவிட்டனர்.

இதுவரை கூறியவை தன் உறக்கத்தைத் தானே குறைத்துக் கொள்பவனைப் பற்றியன. நம் நெஞ்சை உறுத்துவது வேறு. விழித்து உழைப்பதைப் போற்றுவோர் பெரும்பாலும் பிறருடைய விழிப்பையே போற்றுகின்றனர். கொடாததை எடாதே என்னும் சீலத்தை நாம் பொன்னுக்கும் பொருளுக்கும் உரியதாகக் கொள்கிறோம். ஒருவனுடைய உறக்கத்தை அவன் மனமின்றி எடுத்துக் கொள்வது மட்டும் களவாகாதோ?

கோலார் தங்கவயலை அன்பர் பலர் அறிவர். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக இரவு ஷிப்டும் பகல் ஷிப்டுமாக அங்கே இறங்கினர். சாம்பியன் ரீப் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெம்மை அறுபது டிகிரியைத் தாண்டும். இரவெல்லாம் அவ்வெம்மையில் உழைத்தவன் காலையில் திரும்பிப் படுக்க வேண்டியது லைன் வீட்டின் ஒற்றை அறை. அடுப்புப் புகையும் குழந்தைகளின் கூச்சலும் அங்கேதான். பகல் உறக்கம் இரவு உறக்கத்துக்கு ஈடாவதில்லை. ஒளியைக் கொண்டு நேரமறியும் உடல் அதனைக் குறுக்கிவிடுகிறது. இரவு வேலையைப் பெரும்பாலும் புற்றுநோய் விளைக்கக் கூடியவற்றின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இல் சேர்த்தது. சுரங்கத் தொழிலாளிக்கு இதனைச் சொல்வார் அக்காலத்தில் யார் இருந்தனர்?

சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. உறக்கம் மட்டும் அவ்வூருக்குத் திரும்பவில்லை. அத்தொழிலாளரின் மக்களும் பேரரும் இருள் பிரியுமுன் ரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து பெங்களூரில் வேலை செய்து, இரவில் மீள்கின்றனர். பெட்டியில் அமர்ந்தபடி துவளும் அத்தலைகளைக் கண்டு சோம்பேறிகள் என்று எவரேனும் சொல்லத் துணிவரேல், அவர் ஒரு வாரம் அந்த ரயிலில் சென்று வரட்டும்.

2011 ஜூனில் டில்லி ராம்லீலா மைதானத்தில் உறங்கிக் கொண்டிருந்த கூட்டத்தைப் போலீசார் நள்ளிரவில் கலைத்த வழக்கில், உறக்கம் உயிர் வாழும் உரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் உரைத்தது. நல்ல தீர்ப்பு. ஆயினும் சட்டம் எட்டாத இடங்கள் உள. ஒலி மாசு பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரையே ஒலிபெருக்கியை அடக்குகின்றன. இரவு வேலை முடித்து ஏழு மணிக்குப் படுப்பவனுக்கு அவ்விதியால் என்ன பயன்? வைசாகப் பௌர்ணமி என்றால் காலையிலேயே ஒலிபெருக்கியைக் கட்டிவிடுகிறோம் நாமும். அடுத்த வீட்டில் சன்னலை அடைத்துப் போர்வையைத் தலைமேல் இழுத்துக் கொள்பவன் யாரென்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டறிந்து, குழாயின் வாயை வேறு திசைக்குத் திருப்பி வைக்க ஒரு நிமிடம் போதும்.