தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

கேள்வி: அம்மா காலமான பிறகு பீரோவை ஒழித்தபோதுதான் நான் தத்துப்பிள்ளை என்று காட்டும் காகிதம் கிடைத்தது. எனக்கு 34 வயது. பெற்றவளைத் தேட மனம் துடிக்கிறது. அப்பா எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. தேடுவது வளர்த்தவர்களுக்குச் செய்யும் பாவமா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: பாவம் என்று சொல்லும் சாஸ்திரம் எதையும் நான் படித்ததில்லை. பெரியவர் பட்டினி கிடப்பதுதான் பாவம். முதலில் அவருக்கு இரண்டு தோசை வார்த்துப் போட்டுவிட்டு வந்து மேலே படியுங்கள்.

இந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் கர்ணனை இழுப்பார்கள். கர்ணன் யாரையும் தேடிப் போகவில்லை. உண்மைதான் அவனைத் தேடி வந்தது. அதுவும் யுத்தம் மூளப்போகிற சமயத்தில், ஒரு காரியமாக வந்தது. அவன் உங்களுக்கு உதவ மாட்டான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாருங்கள்.

துளசிச் செடியடியில் பெரியாழ்வார் கண்டெடுத்த பிள்ளை ஆண்டாள். பதிகத்தை முடிக்கும் இடங்களில் தன்னைப் பெரியாழ்வாரின் பெண் என்றுதான் சொல்லிக்கொள்கிறாள். அதில் அவளுக்குக் குறையே இல்லை. ஆனால் திருப்பாவை 25-ஆம் பாட்டைப் பாருங்கள். கண்ணன் பிறந்தது ஒரு தாயிடம், வளர்ந்தது வேறொரு தாயிடம் என்று பாடுகிறாள். இருவர் பெயரையும் சொல்லாமல் விடுகிறாள். தேவகி உயர்த்தியா, யசோதை உயர்த்தியா என்று நாம் தராசைத் தூக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்பது என் கட்சி. உரைகாரர்கள் வேறு நயம் சொல்வார்கள், சொல்லட்டும்.

இன்னொரு பக்கம், குலசேகர ஆழ்வார். ராஜ்யம் ஆண்ட மனிதர், பெருமாள் திருமொழியில் ஏழாம் பதிகம் முழுக்கத் தேவகியாக மாறி அழுகிறார். தாலாட்டவில்லையே, வெண்ணெய் அளைந்த கையைப் பார்க்கவில்லையே என்று அழுகை. அதில் ஓர் இடம் எனக்குத் தாங்காது. 'உன் அப்பா யார்?' என்று கேட்டால் குழந்தையின் விரலும் கடைக்கண்ணும் நந்தகோபனைத்தான் காட்டுமாம். அந்தப் பேறு வசுதேவனுக்கு வாய்க்கவில்லையே என்கிறாள் தேவகி. அந்தக் கண்ணன் பின்னாளில் மதுரா போய்ப் பெற்றவர்களின் விலங்கை அறுத்தான். அதனால் யசோதைக்கு என்ன குறைந்தது? இன்றுவரை நம் வீட்டுப் பாட்டெல்லாம் அவள் பிள்ளையைப் பற்றியதுதானே!

இன்னொன்றும் சொல்கிறேன். சேலம் என்கிறீர்கள், வயது 34 என்கிறீர்கள். பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் ஊற்றிய கொடுமையைத் தடுக்க, 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் உங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. உங்கள் கதை அதுதானா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அதுவாக இருந்தால், அந்தத் தொட்டிலில் உங்களைக் கிடத்தியவள் உங்களை வீசியெறியவில்லை, வீட்டாரிடமிருந்து காப்பாற்றியிருக்கிறாள். தேடுங்கள். கணக்குக் கேட்கப் போகாதீர்கள், பார்த்துவிட்டு வரப் போங்கள். முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: சோழி போட்டுப் பிரசன்னம் பார்த்தால் பெற்ற தாய் இருக்கும் திசை தெரியும் என்கிறார் ஒரு ஜோதிடர். பார்க்கலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் பர்ஸ் இருக்கும் திசை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கேலி போகட்டும். இதற்கு அரசாங்கமே வழி வைத்திருக்கிறது. 'காரா' என்கிற மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு விதிகளில் வேர் தேடலுக்குத் தனி ஏற்பாடு உண்டு. 18 வயது நிறைந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழ் என்றால் வளர்க்கும் பெற்றோரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்காக மூன்றாம் மனிதர் போய்த் தோண்டித் துருவ முடியாது. குழந்தையை ஒப்படைத்தபோதே தன்னைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று தாய் கேட்டுக்கொண்டிருந்தால், அவள் சம்மதம் இல்லாமல் விவரம் வராது. கடைசியாகச் சொன்னது பலருக்குக் கசக்கிறது. எனக்கு அதில் தர்மம் தெரிகிறது.

கேள்வி: தத்துப்பிள்ளை சங்கல்பத்தில் எந்தக் கோத்திரம் சொல்வது? பெற்றவர்களைக் கண்டுபிடித்துவிட்டால் மாற்ற வேண்டுமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வளர்த்த தகப்பனாரின் கோத்திரம்தான். தத்துப் போனவனுக்குப் பெற்றவனின் கோத்திரமும் சொத்தும் இல்லை என்பது மனுவின் தீர்ப்பு. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டமும் அந்த வழியில்தான் போகிறது. முறைப்படி எடுத்த தத்தை ரத்துசெய்ய முடியாது என்றும் சொல்கிறது. ஆனால் ஒரு நூலைச் சட்டம் அறுக்கவில்லை: பிறந்த குடும்பத்தில் கட்டக்கூடாத உறவை, தத்துப் போன பிறகும் கட்டக்கூடாது. வேர் தெரிந்திருப்பது நல்லது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். கோத்திரமே தெரியாதவர்கள் அர்ச்சனையில் சிவ கோத்திரம் என்று சொல்லுங்கள். எல்லோருக்கும் அப்பன் அவன், ஆட்சேபிக்க மாட்டான்.

கேள்வி: எங்கள் மகளுக்கு ஆறு வயது. தத்தெடுத்ததைக் கல்யாணம் வரை சொல்லவே கூடாது என்கிறார் மாமியார். எப்போது சொல்வது?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: நேற்றே சொல்லியிருக்க வேண்டும். இன்று ராத்திரி கதை சொல்லும்போது ஆரம்பியுங்கள். வள்ளிக்கிழங்குக் குழியில் கிடைத்த வள்ளியை வேடர் தலைவன் நம்பிராஜன் வளர்த்த கதை, உழுசாலில் கிடைத்த சீதையை ஜனகர் எடுத்த கதை. மூன்றாவதாக உங்கள் வீட்டுக் கதை. குழந்தை பெருமையாகக் கேட்டுக்கொள்ளும்.

சாந்தோக்ய உபநிஷதத்தில் சத்தியகாமன் வேதம் படிக்கக் கிளம்புகிறான். "அம்மா, நான் என்ன கோத்திரம்?" என்று கேட்கிறான். ஜபாலை அவனுக்குக் கதை கட்டவில்லை. பல இடங்களில் ஊழியம் செய்து திரிந்த வயதில் உன்னைப் பெற்றேன், கோத்திரம் எனக்கே தெரியாது, என் பெயர் ஜபாலை, உன் பெயர் சத்தியகாமன், அப்படியே போய்ச் சொல் என்கிறாள். அவனும் கௌதமரிடம் ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்கிறான். உண்மையிலிருந்து விலகாதவன் என்று அவர் அவனைச் சீடனாக ஏற்றார். பிள்ளையின் தைரியத்தைப் பாராட்டுகிறோம். அது தாய் கொடுத்த தைரியம் என்பதை மறந்துவிடுகிறோம்.

என் பாட்டி என்னைத் தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லிச் சிரிப்பாள். அடுத்தடுத்துப் பிள்ளைகள் தவறிப்போன வீட்டில், பிறந்ததைக் குப்பையில் புரட்டியெடுத்துக் குப்புசாமி என்றும், அடுத்த வீட்டாரிடம் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்கிப் பிச்சை என்றும் பெயர் வைத்த ஊர் இது. பிள்ளை பிழைக்க வேண்டும் என்று பொய்யாகத் தத்துக் கொடுத்து வாங்கியவர்கள் நம் முன்னோர். நிஜமாகத் தத்தெடுத்த உங்களுக்கு என்ன வெட்கம்? மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கேள்வி: தத்துப்பிள்ளைக்குக் குலதெய்வம் எது?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: முதல் மொட்டை எந்தக் கோயிலில் போட்டார்களோ, அந்த தெய்வம்.

கேள்வி: என்னைக் குழந்தையிலேயே கொடுத்துவிட்ட பெற்ற தகப்பன், நான் நன்றாகச் சம்பாதிப்பதை அறிந்து, 'நீ என் ரத்தம், வந்துவிடு' என்கிறார். என் கடமை என்ன?
- ஒரு வாசகர், கோவை

பதில்: உங்களுக்கென்றே ஐதரேய பிராமணத்தில் ஒரு கதை இருக்கிறது. வருணனுக்குத் தன் மகனையே பலியிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத் தவித்தார் ஹரிச்சந்திரன். காட்டில் திரிந்த மகன், பசியில் வாடிய அஜீகர்த்தரைக் கண்டு, தனக்கு மாற்றாக அவர் பிள்ளைகளில் ஒருவனைக் கேட்டான். மூத்தவனை விட மாட்டேன் என்றார் தகப்பன். கடைக்குட்டியை விட மாட்டேன் என்றாள் தாய். நடுவில் நின்றவன் சுனச்சேபன். நூறு பசுவுக்கு விலைபோனான். யாகத்தில் அவனைக் கம்பத்தில் கட்ட ஆள் வரவில்லை. இன்னொரு நூறு பசு வாங்கிக்கொண்டு தகப்பனே கட்டினான். வெட்ட ஆள் வரவில்லை. மேலும் நூறு வாங்கிக்கொண்டு அவனே கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தான். பையன் தேவர்களைத் துதிக்கத் துதிக்கக் கட்டுகள் தாமாகக் கழன்றன. எழுந்துபோய் விசுவாமித்திரர் மடியில் உட்கார்ந்துகொண்டான். அப்போது அஜீகர்த்தர் வந்து, என் பிள்ளையைத் திருப்பிக் கொடு என்கிறார்! முந்நூறு பசுவை என்னைவிடப் பெரிதாக நினைத்தாயே என்று சுனச்சேபன் மறுத்துவிட்டான். விசுவாமித்திரர் அவனைத் தம் மூத்த மகனாக்கி, தேவராதன் என்று பெயர் வைத்தார்.

ஆனால் ஐயா, உங்கள் தகப்பனார் கத்தி தீட்டியவரா, பசியில் கொடுத்தவரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பசியில் கொடுத்தவர் என்றால் மாதாமாதம் அரிசிக்குப் பணம் அனுப்புங்கள். அவர் எப்படிப்பட்டவரானாலும், மகனாகத் திரும்பிப் போக வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கேள்வி: பெற்றவர்கள் இருக்கிறார்களா, இல்லையா என்றே தெரியாது. அமாவாசையில் அவர்களுக்கும் எள்ளும் தண்ணீரும் விடலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: உயிரோடு இருக்கக் கூடியவருக்கு எள் இறைக்காதீர்கள். வளர்த்த தகப்பனார் வழிக்குச் செய்யுங்கள். தாயோ தகப்பனோ சுற்றமோ இல்லாத எல்லோருக்கும் என்று தர்ப்பணத்தின் கடைசியில் ஒரு கை ஜலம் விடச் சொல்கிறார்களே, அதை மட்டும் அவசரப்படாமல் விடுங்கள். சேர வேண்டியவர்களுக்குச் சேரும்.

கேள்வி: இரண்டு வருஷம் தேடி அம்மாவைக் கண்டுபிடித்தேன். எனக்குக் கணவர், பிள்ளைகள் இருக்கிறார்கள், வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பெற்ற மனம் இப்படிக் கல்லாகுமா?
- பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கர்ணன் உதவ மாட்டான் என்று மேலே சொன்னேன். உங்களுக்கு அவன் தாய் உதவுவாள். அஸ்தினாபுரத்து அரங்கில் அர்ஜுனனுக்கு எதிராக வில்லெடுத்து வந்து நின்ற கர்ணனைக் குந்தி அடையாளம் கண்டுகொண்டாள். ஆனால் சபையில் பேச முடியவில்லை; மயங்கி விழுந்தாள். விதுரர் பணிப்பெண்களைக் கொண்டு சந்தன ஜலம் தெளித்துத் தெளிய வைத்தார். அந்த நேரத்தில் அரங்கத்தின் நடுவில் நின்ற கர்ணன் கண்ணுக்கு அவள் யாரோ ஒரு ராணி.

வராதே என்ற வார்த்தை உங்கள் காதில் விழுந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் முகவரியையும் 'நன்றாக இருக்கிறேன்' என்ற ஒரு வரியையும் தத்து கொடுத்த நிறுவனத்தில் எழுதி வைத்துவிட்டு ஊருக்குத் திரும்புங்கள். அவள் வாசலில் மட்டும் போய் நிற்காதீர்கள்.