அளவுகோலும் கண்ணாடியும்

போன மாதம் நண்பர்கள் கூடியிருந்தபோது விமர்சனம் பற்றிய பேச்சு வழக்கம்போல் அளவுகோலில் வந்து நின்றது. விமர்சகனுக்கு வேண்டியது கறாரான ஓர் அளவுகோல். அதை ஆள் பார்க்காமல், தயவு தாட்சண்யம் இல்லாமல் கடைசிவரை பிரயோகிக்கிற நேர்மை இருந்தால் போதும் என்றார் ஒரு நண்பர். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. பத்து வருஷமாக நானே சொல்லியும் எழுதியும் வருவது அதுதான். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது மனசு ஒப்பவில்லை. அளவுகோலே தவறாக இருந்து, அதைப் பிரயோகிப்பவன் மட்டும் பரிபூரண நேர்மையோடு இருந்தால், அவன் செய்த காரியத்துக்கு என்ன பெயர்? அவன்மீது குற்றம் உண்டா, இல்லையா? இதற்கு இலக்கியத்துக்குள்ளேயே பதில் தேடினால் உடனே கட்சி பிரிந்துவிடுவோம். எனவே நம் கட்சிகள் எதுவும் எட்டாத ஓர் இடத்தில் ஆரம்பிக்கிறேன். வானியல் தொலைநோக்கிகளுக்குக் கண்ணாடி தேய்க்கும் பட்டறை அது.

கண்ணாடி தேய்ப்பது பார்க்கிறவனுக்கு அலுப்புத் தட்டும் வேலை. ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி வட்டுகள். நடுவே கார்போரண்டம் பொடியும் தண்ணீரும். மேல்வட்டை முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தபடி, அதையும் திருப்பிக்கொண்டு, தானும் சுற்றி வரவேண்டும். மேலே இருப்பது மெல்லக் குழியும். கீழே இருப்பது மேடாகும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இடைவெளி விடாமல் ஒன்றோடொன்று பொருந்தும் வளைவு கோளத்துக்கு மட்டுமே உண்டு. ஆகவே தேய்ப்பவனுக்குக் கணிதம் தெரியாவிட்டாலும் கோளப் பரப்பு தானாக வந்து சேரும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். நட்சத்திரத்தின் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கக் கோளம் போதாது. பரவளைய வடிவம் வேண்டும். சிறு கண்ணாடிகளில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தலைமயிரின் தடிமனில் ஒரு சிறு பங்குதான். கீல் பரப்பிய தட்டில் நுண்ணிய பொடியைத் தடவி, அந்தச் சிறு பங்கைத் தேய்த்து எடுப்பதில் மாசங்களும் வருஷங்களும் போய்விடும்.

இந்த வேலை கேட்கும் விசுவாசம் சாதாரணமானதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல் உலோகக் கண்ணாடி ஒன்றைப் பதினாறு மணி நேரம் கையெடுக்காமல் மெருகேற்றியிருக்கிறார். தங்கை கரோலின் பக்கத்தில் நின்று கவளம் கவளமாக வாயில் ஊட்டினார் என்பது அவருடைய நினைவுக் குறிப்பிலேயே இருக்கிறது. கலிபோர்னியாவின் பாலோமர் மலைக்கான 200 அங்குலக் கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்தது 1936இல், முடிந்தது 1947இல். நடுவில் யுத்தம் வந்து சில வருஷங்கள் வேலை நின்றது. அந்தத் தொலைநோக்கியைக் கனவு கண்ட ஜார்ஜ் ஹேல் 1938இலேயே இறந்துவிட்டார். நமக்குப் பக்கத்திலும் உதாரணம் உண்டு. ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள 2.34 மீட்டர் கண்ணாடியைப் பெங்களூரில் நம்மவர்களே தேய்த்தார்கள். 1986இல் அந்தத் தொலைநோக்கி அர்ப்பணிக்கப்பட்டபோது அதற்குக் காரணமாயிருந்த வைணு பாப்பு உயிரோடு இல்லை.

தேய்த்தால் மட்டும் போதாது, தாங்கவும் வேண்டும். பெரிய கண்ணாடி தன் கனத்தாலேயே தொய்யும். இறுக்கிப் பிடித்தால் பிடித்த இடத்தில் வடிவம் கெடும். பாலோமர் கண்ணாடியின் முதுகில் முப்பத்தாறு தாங்கிகள் இருக்கின்றன. தொலைநோக்கி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒவ்வொன்றும் தன் பங்குக் கனத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும், அதற்குமேல் தள்ளாது. கையின் சூடுகூடப் பகைதான். விரலை ஓரிடத்தில் வைத்து எடுத்தால் அங்கே கண்ணாடி புடைத்துக்கொள்ளும். அது ஆறும்வரை காத்திருந்துதான் சோதிக்க முடியும்.

இத்தனைக்கும் ஆதாரம் அந்தச் சோதனைதான். கண்ணாடி சரியாகிவிட்டதா என்பது கைக்கும் தெரியாது, வெறும் கண்ணுக்கும் தெரியாது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் ஃபூக்கோ ஒரு விளக்கையும் ஒரு கத்தி முனையையும் வைத்து வழி கண்டார். கண்ணாடியிலிருந்து திரும்பி வரும் ஒளியைக் கத்தி முனையால் வெட்டினால், பரப்பிலுள்ள மேடு பள்ளங்கள் மலையும் பள்ளத்தாக்குமாக நிழலாடும். சோதனை எதைக் காட்டுகிறதோ அதைக் கை தேய்க்கும். எதைக் காட்டவில்லையோ அது கண்ணாடியில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இனி ஹப்பிளுக்கு வருகிறேன். விண்வெளியில் சுற்றப்போகும் அந்தத் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடியை அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரியில் பெர்கின்-எல்மர் நிறுவனம் மெருகேற்றி 1981இல் முடித்தது. மேலே கனம் இராது. எனவே பூமியில் சோதிக்கும்போதும் கனம் இல்லாததுபோல் கிடக்கவேண்டும் என்று நூற்றுக்கு மேற்பட்ட கம்பிகளாலான படுக்கையில் அதைக் கிடத்தினார்கள். வடிவத்தைச் சோதிக்க இரண்டு கண்ணாடிகளும் ஒரு லென்ஸும் கொண்ட மிக நுட்பமான கருவியைச் செய்தார்கள். கண்ணாடி சரியான வடிவத்துக்கு வந்துவிட்டால் கருவியில் தெரியும் கோடுகள் நேராகும். கோடுகள் நேராகும்வரை தேய்த்தார்கள். விதித்த வடிவத்திலிருந்து பத்து நானோமீட்டர் அளவுகூடப் பிசகாத பரப்பு என்று சந்தோஷப்பட்டார்கள்.

1990 ஏப்ரல் 24இல் ஹப்பிள் மேலே போயிற்று. ஜூன் மாசம் விஷயம் வெளியே வந்தது. நட்சத்திரங்கள் புள்ளியாக விழவில்லை. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு மங்கல். கண்ணாடியின் விளிம்பு இருக்கவேண்டியதைவிட 2.2 மைக்ரான் தட்டையாக இருந்தது. லூ ஆலன் தலைமையில் ஒரு குழு டான்பரிக்குப் போய்ப் பார்த்தபோது, சோதனைக் கருவி அத்தனை வருஷமும் கலைக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதன் லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் மாறி உட்கார்ந்திருந்தது. லென்ஸின் தூரத்தை ஓர் உலோகக் கோலை வைத்து லேசர் ஒளியால் அளந்திருந்தார்கள். கோலின் முனைக்கு ஒரு மூடி. அதன் நடுவில் துளை. ஒளி துளைக்குள் போய்க் கோலின் முனையில் பட்டுத் திரும்பவேண்டும். மூடியின்மேல் ஒளி திரும்பாதிருக்கப் பூசியிருந்த பூச்சு துளியளவு பெயர்ந்திருந்ததால், ஒளி மூடியிலேயே பட்டுத் திரும்பிவிட்டது. அப்படி வந்த தூரத்துக்கு லென்ஸை நகர்த்த இடம் போதாமல் சாதாரண வாஷர்களைச் செருகினார்கள். அப்போதும் யாரும் நின்று யோசிக்கவில்லை.

இதுவரை நடந்தது விபத்து, அல்லது அவசரம். என்னைத் தொந்தரவு செய்வது அடுத்த பகுதி. டான்பரியில் வேறு இரண்டு சோதனைகளும் இருந்தன. நுட்பம் குறைந்தவை. இரண்டும் கண்ணாடியில் கோளாறு என்றே காட்டின. அவற்றின் சாட்சியம் ஏற்கப்படவில்லை. நுட்பமான கருவி சரி என்கிறது; ஆகவே பிழை அந்த இரண்டு கருவிகளுடையதாகத்தான் இருக்கும் என்று முடிவாயிற்று. தர்க்கத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. நானும் அங்கே இருந்திருந்தால் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன். யூகமாகச் சொல்லவில்லை, ஒரு முறை செய்திருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் நகைக்கடன் மேஜை சில வருஷங்கள் என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் வயதான அம்மாள் ஒருத்தர் மகனின் காலேஜ் ஃபீஸுக்காகச் சங்கிலி ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்று பவுன் என்றார். இருபத்துநாலு கிராம் இருக்கவேண்டும். எலெக்ட்ரானிக் தராசு 23.7 காட்டியது. எங்கள் அப்ரைசர் அறுபது தாண்டிய ஆசாரி. சங்கிலியை லென்ஸில் பார்த்துவிட்டு, “கண்ணி தேஞ்ச மாதிரி தெரியலியே சார்” என்றார். நான் தராசைக் காட்டினேன். தினமும் காலையில் ஐம்பது கிராம் படிக்கல்லை வைத்துச் சரிபார்க்கும் தராசு. “போட்டுப் போட்டுத் தேஞ்சிருக்கும்மா, எல்லா நகையும் தேயும்” என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். “நான் என்ன சார், சுரண்டியா எடுத்தேன்?” என்றார். ஆயிரம் ரூபாய்ச் சொச்சம் குறைந்தது. வாங்கிக்கொண்டு போனார்.

சில வாரங்களில் முத்திரை போட எடையளவு ஆய்வாளர் வந்தார். படிக்கல்லைத் தலைகீழாகத் திருப்பினார். அடிக்குழியில் சிவப்பாக அரக்கு அப்பியிருந்தது. நகைப் பொட்டலங்களுக்கு முத்திரை வைக்கும் அரக்கு. கல்லும் அதே டிராயரில் கிடந்தது. ரிப்பேர்க்காரர் அந்தக் கல்லை வைத்துத்தான் தராசைச் சீர்செய்திருந்தார். அதே கல்லை வைத்துத் தினமும் காலையில் தராசைச் சோதித்தவன் நான். தராசு ஒரு நாளும் தவறியதில்லை. எப்படித் தவறும்?

அரக்கு ஒட்டியது என் குற்றமல்ல. பூச்சு பெயர்ந்தது டான்பரிக்காரர்களின் குற்றமும் அல்ல. குற்றம் எங்கே ஆரம்பிக்கிறது என்றால் ‘தேய்மானம்’ என்ற சொல்லில் ஆரம்பிக்கிறது என்று எனக்குப் படுகிறது. இரண்டு சாட்சிகள் எதிரே நின்றார்கள். ஒருவருக்கு நாற்பது வருஷத் தொழில். இன்னொருவருக்குத் தன் கழுத்துச் சங்கிலி. இருவரும் தராசைவிட நுட்பத்தில் குறைந்தவர்கள் என்பது வாஸ்தவம். ஆனால் அவர்கள் தராசைச் சார்ந்தவர்கள் அல்லர். வேறு வழியில் அந்த நகையை அறிந்தவர்கள். ஓர் அளவுகோல் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்க முடியாது. அதைவிடக் கூர்மை குறைந்ததாயினும் வேறோரிடத்திலிருந்து வரும் சாட்சி தேவை. அப்படி வந்த சாட்சியை நான் மறுக்கக்கூட இல்லை, விளக்கிவிட்டேன். விளக்கம் கையில் தயாராக இருந்ததால் விசாரிக்கவேண்டிய அவசியம் எழவில்லை.

நண்பர் இங்கே குறுக்கிடுவார் என்று தெரியும். வருகிறவன் போகிறவன் சொல்வதற்கெல்லாம் காது கொடுத்தால் அளவுகோல் என்ற ஒன்றே மிஞ்சாதே என்பார். நியாயம்தான். கூர்மை குறைந்த சோதனையை வைத்துக் கண்ணாடி தேய்க்க முடியாது. ஆசாரியின் கண்ணை வைத்துக் கடன் தொகையை நிர்ணயிக்க முடியாது. வாசகர்களின் அபிப்பிராயத்தைக் கூட்டிக் கழித்து விமர்சனம் எழுத முடியாது. அந்தச் சாட்சிக்கு உள்ள அதிகாரம் ஒன்றே ஒன்று: கையை நிறுத்தச் சொல்வது. நிறுத்திவிட்டுக் கல்லைத் திருப்பிப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் அடியில் ஒன்றும் இராது. மறுபடி தேய்க்கலாம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாவலை வடிவம் இல்லை என்று இதைப்போன்ற ஒரு பத்திரிகையில் நிராகரித்து எழுதினேன். என் அக்கா அதை மூன்று முறை வாசித்தாள். அதை ரசனைக் குறைவு என்று விளக்கினேன். நான் மதிக்கும் மூத்த கவிஞர் ஒருவர், வேறு காரணங்களுக்காக, முக்கியமான படைப்பு என்றார். அதை வயதின் தளர்ச்சி என்று விளக்கினேன். மதிப்புரையில் ஒரு வாக்கியம்கூட நேர்மைக் குறைவாக எழுதப்பட்டதல்ல. அத்தனை கோடுகளும் நேராகவே இருந்தன. நாவல் நல்லதா என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அன்று அந்தச் சந்தேகமே எனக்கு இல்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

நேர்மைக்கு இதில் ஒரு மதிப்பும் இல்லையா என்றால், உண்டு. ஹப்பிளின் கதை அதையும் சொல்கிறது. கண்ணாடி தவறுதான், ஆனால் மிகத் துல்லியமாகத் தவறு. மையத்திலிருந்து விளிம்புவரை ஒரே விதியின்படி தவறு. ஆகவே அதற்கு நேர் எதிரான தவறைச் சிறு கண்ணாடிகளில் தேய்த்துக் குறுக்கே வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்யும். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய் அதைத்தான் செய்தார்கள். ஏனோதானோ என்று தேய்த்து, ஓரிடத்தில் மேடும் ஓரிடத்தில் பள்ளமுமாக விட்டிருந்தால் எந்த மருந்தும் பலித்திராது. எங்கள் கிளையிலும் அப்படியே. தராசின் பிழை ஒரே விகிதத்தில் இருந்ததால் அந்த நாட்களின் கடன்கள் அத்தனையையும் திரும்பக் கணக்கிட முடிந்தது. நேர்மையாகச் செய்த தவறைத் திருத்தலாம்; அது எங்கே தவறியது என்று கண்டுகொள்ளலாம். நேர்மையின் பயன் அவ்வளவுதான். ஆனால் அது சொல்பமல்ல.

திருத்த முடியாததும் ஒன்று இருந்தது. அந்த அம்மாள் நகையை மீட்க வந்தபோது, “அன்னிக்கு எங்க தராசுதாம்மா தப்பு, உங்க நகை சரிதான்” என்றேன். “அது எனக்குத் தெரியும் சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் அதைச் சொல்ல வேண்டியிருந்ததே அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கவேண்டும்.

ஹப்பிளின் பெரிய கண்ணாடியை யாரும் மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. 1993இல் வைத்த திருத்தக் கண்ணாடிப் பெட்டியை 2009இல் கழற்றிக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். அதற்குள் உள்ளே பொருத்தப்பட்ட ஒவ்வொரு கருவியும் அந்த 2.2 மைக்ரானைக் கணக்கில் கொண்டே செய்யப்பட்டிருந்தது. கண்ணாடி 1981இல் எப்படித் தவறாக இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. அதன் பிழையை அறிந்தவர்கள் அதன் வழியாகப் பார்க்கிறார்கள். நண்பரிடம் அடுத்த முறை சொல்ல நினைப்பது இதைத்தான்: நம் அளவுகோலை விட்டுவிட வேண்டாம். அதில் எத்தனை மைக்ரான் பிழை என்பதைச் சொல்லக்கூடியவர்களை மட்டும் பேசவிடுவோம்.