நிறுத்திய காரில் ஒரு கைத்துப்பாக்கி

2015 ஜூன் 27 அன்று சான்பிரான்சிஸ்கோ நகரின் எம்பர்கடேரோ கடலோரச் சாலையில் நிறுத்தியிருந்த ஒரு காரின் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள். கார், அமெரிக்க மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையில் காவல் பணி பார்க்கும் அதிகாரி ஒருவருடையது. பயணத்தின் நடுவே குடும்பத்தோடு சாப்பிட இறங்கியிருந்தார். காருக்குள் அவர் விட்டுச்சென்ற முதுகுப்பையில் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. பை போயிற்று. நான்கு நாள் கழித்து, ஜூலை 1 மாலை, அதே கடலோரத்தில் 14ஆம் எண் படகுத்துறையில் தந்தையோடு நடந்துகொண்டிருந்த 32 வயதுப் பெண் ஒருவர் அந்தத் துப்பாக்கியின் குண்டு பாய்ந்து இறந்தார்.

குண்டு முதலில் தரையில் பட்டுத் தெறித்துப் பிறகு அவர்மேல் பாய்ந்தது. சுட்டவர், நாற்காலிக்கு அடியில் துணியில் சுற்றிக் கிடந்ததை எடுத்தேன், அது வெடித்துவிட்டது என்றார். 2017 நவம்பரில் நடுவர் குழு அவரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவர் பலமுறை நாடு கடத்தப்பட்டும் அனுமதியின்றித் திரும்பி வந்தவர் என்பதால், அமெரிக்கா முழுவதும் குடியேற்றத்தைப் பற்றியே பேசியது. அதிபர் தேர்தல் மேடை வரை அந்தச் சாவு போனது. முதுகுப்பையைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

பெண்ணின் பெற்றோர் அதைப் பற்றிக் கேட்டார்கள். துப்பாக்கியைப் பாதுகாப்பின்றி விட்டுச்சென்ற அதிகாரிக்காக அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார்கள். ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. காரில் விட்டது ஒருவர், கண்ணாடியை உடைத்துத் திருடியது இன்னொருவர், அது படகுத்துறைக்கு எப்படியோ வந்து சேர்ந்தது, நாட்கள் கழித்து வேறொருவர் கையில் வெடித்தது. முதல் செயலுக்கும் கடைசி விளைவுக்கும் நடுவே இத்தனை கண்ணிகள் இருக்கையில், முதல் செயலைச் சாவின் காரணமாகச் சட்டம் கொள்ளாது என்றது தீர்ப்பு.

சட்டத்துக்கு அப்படி ஒரு எல்லைக்கோடு தேவைதான். கோடு இல்லாவிட்டால் எந்தத் தீங்குக்கும் உலகத்தில் பாதிப் பேரைக் கூண்டில் ஏற்றலாம். ஆனால் இழப்பீட்டைக் கணக்கிடுவதற்காகப் போட்ட கோடு, மனசாட்சிக்கும் அதே இடத்தில்தான் முடிகிறதா? திருடுபோன துப்பாக்கி செய்யும் கொடுமையில் அதைத் தொலைத்தவருக்குப் பங்கு உண்டா, உண்டென்றால் எவ்வளவு?

முதலில் எழும் மறுப்பு வலுவானது. வீட்டில் திருடு போனால் வீட்டுக்காரரையா திட்டுவோம்? பூட்டிய காரை உடைத்தவன் திருடன், சுட்டவன் கொலைகாரன். இரண்டு பேருமே அல்லாதவர்மேல் பழி போடுவது, பாதிக்கப்பட்டவரையே குற்றவாளி ஆக்குவது. கைப்பையையோ மடிக்கணினியையோ காரில் விட்டுப் பறிகொடுத்தவரிடம் இப்படிக் கேட்டால் அது அநியாயம்தான். ஏனென்றால் அங்கே கவனக்குறைவின் விலையைக் கொடுப்பவர் அவரே. துப்பாக்கி போனால் உரிமையாளருக்குப் போவது சில நூறு டாலர். மிச்சம் முழுவதையும் கொடுக்கப்போவது அவர் அறியாத யாரோ, அவரை அறியாத யாரோ. தன் பொருளை எவ்வளவு அசட்டையாக வைத்திருப்பது என்று முடிவு செய்யும் சுதந்திரம், அந்த அசட்டையின் கேடு தன்மேல் விழும்வரைதான் ஒருவருக்குச் சொந்தமானது. கைத்துப்பாக்கியில் அந்தச் சுதந்திரம் தொடக்கத்திலிருந்தே கிடையாது.

திருடனின் குற்றம் முழுமையானது என்பதால் உரிமையாளரின் குற்றம் குறைந்துவிடுவதும் இல்லை. பழியைச் சொத்துப் பிரிப்பது போல ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறையும் என்று எண்ணுகிறோம். சுட்டவர் தான் செய்ததற்கு முழுதாகப் பதில் சொல்ல வேண்டும். விட்டுச்சென்றவர் தான் விட்டதற்கு முழுதாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் வேறுவேறு கேள்விகள். அந்த அதிகாரியைக் கொலைகாரர் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பெருநகரத் தெருவில் காரின் கண்ணாடி உடைவது நடக்கக்கூடியது என்று தொழில்முறையாகவே தெரிந்திருக்க வேண்டியவர், தெரிந்தும் விட்டார் என்று சொன்னாலே போதும். அது சின்னக் குற்றச்சாட்டு இல்லை.

இது அபூர்வமான ஒரு சம்பவமும் இல்லை. மது, புகையிலை, துப்பாக்கி ஆகியவற்றைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்.பின் மதிப்பீட்டின்படி 2017 முதல் 2021 வரையிலான ஐந்தாண்டுகளில் தனிநபர்களிடமிருந்து திருடுபோனதாகப் புகார் பதிவான துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கும் மேல். எவ்ரிடவுன் என்ற துப்பாக்கிக் கட்டுப்பாட்டு ஆதரவு அமைப்பு எஃப்.பி.ஐ.யின் தரவுகளை நகரம் நகரமாக ஆராய்ந்தபோது, 2022இல் திருடுபோனவற்றில் ஏறத்தாழப் பாதி கார்களிலிருந்து போனவை என்று தெரிந்தது. அதற்குப் பத்தாண்டுக்கு முன்பு அது கால்பங்குக்கும் குறைவு. டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரம் இந்தக் கணக்கில் முன்வரிசையில் நின்றது.

வீட்டைவிட்டுத் துப்பாக்கி ஏன் காருக்கு வந்தது? இங்கேதான் உரிமையாளரை மட்டும் சுட்டும் விரல் கொஞ்சம் தயங்க வேண்டும். கொலராடோவின் ஏவன் என்ற சிறு ஊரில் ஒருவர். அவர் வீட்டுக்குத் தபால்காரர் வருவதில்லை. அஞ்சலகத்துக்குப் போய்த்தான் கடிதங்களை எடுக்க வேண்டும். தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் பெற்றவர். அஞ்சலகத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோக மத்திய விதி தடை போடுகிறது. சரி, வெளியே வாகன நிறுத்துமிடத்தில் காரில் பூட்டிவிட்டுப் போகலாமா என்றால், அந்த நிறுத்துமிடமும் அஞ்சல் துறையின் இடம், அங்கும் தடை. வழக்குப் போட்டார். கீழ்நீதிமன்றம் காரில் வைக்கலாம் என்றது. பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் அதை மாற்றி, தடை செல்லும் என்றது. அவருக்கு மிஞ்சிய வழி, துப்பாக்கியை வீட்டில் விட்டுவருவது, அல்லது தெருவில் காரை நிறுத்தி அதற்குள் விடுவது. சட்டத்தை மதிப்பவரைத்தான் இந்த நெருக்கடி பிடிக்கிறது. மதிக்காதவர் சட்டைக்குள் செருகிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

பணியிடங்களிலும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. 2002இல் ஓக்லஹோமா மாநிலத்தின் வேலியன்ட் என்ற ஊரில் மரக்கூழ் ஆலை ஒன்று, ஊழியர்களின் வண்டிகளைச் சோதித்து, துப்பாக்கி வைத்திருந்தவர்களை வேலையைவிட்டு நீக்கியது. அதன் எதிரொலியாக, நிறுத்துமிடத்தில் பூட்டிய காருக்குள் துப்பாக்கி வைப்பதை முதலாளிகள் தடுக்கக்கூடாது என்று அம்மாநிலம் 2004இல் சட்டம் போட்டது. ஃபுளோரிடா, டெக்சாஸ், டென்னசி என்று பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. தொழிலாளியின் உரிமையைக் காத்த சட்டங்கள் என்று அவற்றை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எட்டு மணி நேரம் ஆளில்லாமல் கிடக்கும் காரை ஆயுதக் கிடங்காக்கும் உரிமையைக் கொடுத்தவர்கள், அந்தக் கிடங்குக்கு என்ன பூட்டு என்ற கேள்வியைப் பல இடங்களில் பூட்டிய காரோடு நிறுத்திக்கொண்டார்கள். 2022இல் உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில், பொது இடத்தில் கைத்துப்பாக்கி ஏந்திச் செல்வதை அரசியல் சட்ட உரிமை என்று தீர்த்த பிறகு, கலிஃபோர்னியா, நியூஜெர்சி போன்ற மாநிலங்கள் ஏந்திச் செல்லக்கூடாத இடங்களின் பட்டியலை நீட்டின. பூங்கா, மருத்துவமனை, விளையாட்டரங்கம். ஒவ்வொரு வாசலிலும் திருப்பி அனுப்பப்படும் துப்பாக்கி போய்ச் சேரும் இடம் கார்தான். மருத்துவமனை வார்டில் துப்பாக்கி கூடாது என்பது சரியான விதி. அதை எழுதிய கை, வாசலருகே பூட்டுள்ள காப்பறை வைக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். சில நீதிமன்றக் கட்டடங்கள் அப்படிச் செய்கின்றன. செய்யாத அரசு, தன் வாசலைச் சுத்தமாக்கிக்கொண்டு ஆபத்தைத் தெருவுக்குத் தள்ளியிருக்கிறது.

அதற்காக உரிமையாளரின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பலர் டேஷ்போர்டு அறையைப் பூட்டினால் போதும் என்று நம்புகிறார்கள். மெல்லிய பிளாஸ்டிக் கதவு, பெயருக்கு ஒரு பூட்டு. திருப்புளி ஒன்று போதும். திருடன் முதலில் கைவைப்பதும் அங்கேதான், அடுத்து இருக்கைக்கு அடியில். மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கி கொண்டுபோவது பற்றிய 1986ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. தோட்டா நீக்கிய துப்பாக்கி, பயணிகளின் கைக்கு எட்டாத, டிக்கி போன்ற இடத்தில் இருக்க வேண்டும். தனி டிக்கி இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், டேஷ்போர்டு அறையும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள அறையும் பெட்டியாகக் கருதப்படமாட்டா என்கிறது அது. கொலராடோவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் இன்னும் தெளிவு: ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியை விடுவதானால் கெட்டியான பூட்டுப்பெட்டிக்குள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, காரையும் பூட்டிவிட்டுத்தான் விடலாம்.

நடைமுறையில் இதற்கு எஃகுப் பெட்டி வேண்டும், அதைக் காரோடு பிணைக்கும் கம்பிவடம் வேண்டும். தரையோடு திருகி முடுக்கிய இருக்கைச் சட்டத்தைச் சுற்றி வடத்தைக் கோத்தால்தான் பயன். கட்டப்படாத பெட்டி, திருடனுக்குத் துப்பாக்கியைத் தூக்கிப்போக வசதியான கைப்பிடியோடு கொடுத்தது போலத்தான். கட்டிய பெட்டியும் திருட்டை முற்றாகத் தடுக்காது. வடத்தை வெட்டும் கருவி கடையில் கிடைக்கிறது. ஆனால் காரை உடைத்துத் திருடுவது பெரும்பாலும் சட்டென்று முடிகிற வேலை. அந்தக் கொஞ்ச நேரத்தைச் சில நிமிடங்களாக நீட்டினால் வந்தவர் அடுத்த காரைப் பார்க்கப் போவார்.

பெட்டியைவிடப் பழக்கம் முக்கியம். சென்றடைந்த இடத்தின் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, குனிந்து, இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துப் பெட்டிக்குள் வைப்பவர், பார்த்துக்கொண்டிருக்கும் யாருக்கும் காருக்குள் என்ன இருக்கிறது என்று அறிவித்துவிடுகிறார். இடுக்கான இருக்கையில் துப்பாக்கியைப் புரட்டுவது கைதவறிச் சுட்டுக்கொள்வதற்கும் வழி. துப்பாக்கி உறைக்குள் இருந்தபடியே பெட்டிக்குள் போகட்டும். எடுத்துப்போக முடியாத இடத்துக்குத்தான் போகிறோம் என்று முன்பே தெரிந்தால், வீட்டுப் பெட்டகத்திலேயே இருந்துவிடட்டும். துப்பாக்கிக் கம்பெனிகளின் சின்னங்களை வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டுவது பெருமையாக இருக்கலாம். திருடனுக்கு அது முகவரிப் பலகை. இரவில் காரில் விட்டுவைப்பதற்கு மட்டும் எந்தச் சமாதானமும் செல்லாது. கதவு பத்தடியில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான். ஃபுளோரிடாவின் பாஸ்கோ மாவட்டக் காவல்துறை இரவு 9 மணிக்குக் காரைப் பூட்டுங்கள், மதிப்புள்ள பொருளையும் துப்பாக்கியையும் எடுத்துவிடுங்கள் என்று சமூக ஊடகத்தில் தினமும் நினைவூட்டத் தொடங்கி, பல ஊர்க் காவல்துறைகள் அதைப் பின்பற்றின. நினைவூட்டத் தேவை இருக்கிறது என்பதே நிலைமையைச் சொல்லும்.

பூட்டிவைத்த துப்பாக்கி அவசரத்துக்கு உதவாது என்பது அடுத்த மறுப்பு. 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டிலுள்ள துப்பாக்கியை எப்போதும் கழற்றியோ பூட்டியோதான் வைக்க வேண்டும் என்ற வாஷிங்டன் நகரச் சட்டத்தை ரத்து செய்தபோது ஏற்றுக்கொண்டதும் இந்த வாதத்தைத்தான். வீட்டில் இருப்பவருக்கு அது பொருந்தலாம். ஆளில்லாத காருக்குப் பொருந்தாது. உரிமையாளர் கடைக்குள் இருக்கும்போது காரில் இருக்கும் துப்பாக்கி அவரைக் காக்க முடியாது. அந்த நேரத்தில் அது யாருடைய அவசரத்துக்காவது உதவுமென்றால் கண்ணாடியை உடைப்பவருடைய அவசரத்துக்குத்தான்.

ஏழைகளுக்குப் பெட்டி வாங்கப் பணம் ஏது என்று கேட்பவர்களின் அக்கறை உண்மையானது. துப்பாக்கியே சில நூறு டாலர். பெட்டி அதில் சிறு பங்கு. அதைக்கூடத் திரட்ட முடியாதவருக்கு ஊராட்சி இலவசமாகக் கொடுக்கட்டும். ஒரு சவ அடக்கத்தின் செலவை நினைத்தால் இது பெரிய தொகை இல்லை.

சட்டம் போட முயலும் ஊர்களின் கையை மாநிலமே கட்டிப்போடுவது இன்னும் வருத்தம். ஜார்ஜியாவின் சவானா நகரம் 2024இல் பூட்டாத காரில் துப்பாக்கி விடுவதைக் குற்றமாக்கியபோது, துப்பாக்கி பற்றி விதி செய்ய நகரங்களுக்கு அதிகாரமில்லை என்று மாநில அட்டர்னி ஜெனரல் எச்சரித்தார். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. காரைப் பூட்டு என்று சொல்வது எவருடைய துப்பாக்கியையும் பறிப்பதில்லை. கலிஃபோர்னியா இதில் மேல். காவலர்களும் தங்கள் கைத்துப்பாக்கியை டிக்கியிலோ பூட்டிய பெட்டியிலோ வைத்துவிட்டுத்தான் காரைவிட்டு நகர வேண்டும் என்று அங்கே 2016இல் சட்டமாகி 2017 முதல் நடைமுறைக்கு வந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு விலக்குத் தேவை என்ற வாதத்தைச் சான்பிரான்சிஸ்கோவின் முதுகுப்பை உடைத்துவிட்டது. பயிற்சி அதிகமானால் கடமையும் அதிகமாகத்தான் வேண்டும்.

எல்லாம் செய்தும் திருடு போகலாம். அப்போதும் ஒரு கடமை மீதி இருக்கிறது, அதை எளிதில் தட்டிக்கழிக்கவும் முடிகிறது. துப்பாக்கிக் கடைக்காரர் திருட்டை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மத்தியச் சட்டம். தனிநபருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் மத்தியச் சட்டத்தில் இல்லை, பெரும்பாலான மாநிலங்களிலும் இல்லை. குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், தயாரித்தவர், விற்ற கடை, முதலில் வாங்கியவர் என்றுதான் தடம் பிடிக்க முடியும். அதன் பிறகு இருட்டு. அவமானத்துக்கோ விசாரணைக்கோ அஞ்சி உரிமையாளர் பேசாமல் இருந்தால், தடம் அவர் வீட்டு வாசலில் முட்டி நிற்கும், திருட்டுத் துப்பாக்கி யார் கையிலும் சட்டப்படியானது போல உலவும். எனவே வரிசை எண்ணை எழுதி வீட்டில் வைத்திருப்பதும், கண்ணாடி உடைந்ததைப் பார்த்த அந்த மணியிலேயே காவல்துறைக்குச் சொல்வதும், சட்டம் கேட்காவிட்டாலும் அவர் செய்ய வேண்டியவை.